காது பிரிக்காததைக் கண் பிரிக்கும்

உக்குவளையில் ஒரு மழை இரவு. தங்கச்சியின் மகன் மேசையில் இருந்த மிளகு டப்பாவில் போனைச் சாய்த்து வைத்து ஓர் ஆங்கிலப் படம் பார்த்துக்கொண்டிருந்தான். தரம் எட்டில் படிக்கிற பிள்ளை. திடீரென்று படத்தை நிறுத்தி, "மாமா, இவன் என்ன சொல்றான்?" என்று கேட்டான். பின்னால் ஓட்டிப் போட்டான். "வாட்ச கனடூ" என்று காதில் விழுந்தது. மூன்று தரம் போட்டும் "வாட்ச கனடூ"தான். எந்த அகராதியில் போய்த் தேடுவது?

"சப்டைட்டிலைப் போடு. தமிழ் வேண்டாம், இங்கிலிஷிலேயே போடு" என்றேன். திரையின் அடியில் வெள்ளை எழுத்தில் ஆறு சொற்கள் வந்து நின்றன: வாட், ஆர், யூ, கோயிங், டு, டூ. என்ன செய்யப் போகிறாய் என்று கேட்கிறான், அவ்வளவுதான். "அட, இதுவா!" என்று பையன் நெற்றியில் தட்டிக்கொண்டான். ஆறும் அவன் சின்ன வகுப்பிலிருந்து எழுதிப் பழகிய சொற்கள். எழுத்தை அணைத்துவிட்டு அதே இடத்தை மறுபடி போடச் சொன்னேன். இந்தத் தடவை ஆறு சொல்லும் அவனுக்குத் தனித்தனியாகக் கேட்டன. போன் அதே, ஒலி அதே, நடிகர் அதே. மாறியது அவனுடைய காது. அதற்குப் பிடித்தது மூன்று செக்கன்.

சப்டைட்டிலை ஓடுகிற அகராதியாகத்தான் பலரும் நினைக்கிறோம். தெரியாத சொல்லுக்கு அது பொருள் சொல்லும், நாம் படித்துக்கொள்வோம் என்று. அதைவிடப் பெரிய வேலை ஒன்றை அது செய்கிறது. ஒட்டிக்கிடக்கும் பேச்சைச் சொல் சொல்லாகப் பிரித்துக் கொடுக்கிறது.

பேச்சில் சொற்களுக்கு நடுவே இடைவெளி இருக்கிறது என்று நம்புகிறோம். கிடையாது. "பக்கம்" என்று மெதுவாகச் சொல்லிப் பாருங்கள். க்க வரும் இடத்தில் ஒரு கணம் சத்தமே நின்றுபோகும். நாக்கின் பின்புறம் மேலே ஒட்டிக் காற்றை மறிக்கிறது. இப்போது "அவன் ஊரில்" என்று இயல்பான வேகத்தில் சொல்லுங்கள். "அவனூரில்" என்றுதான் வரும். நடுவில் மௌனமே இல்லை. அதாவது, சத்தம் நிற்பது ஒரே சொல்லின் வயிற்றுக்குள். இரண்டு சொல் சந்திக்கும் இடத்தில் நிற்கவில்லை. பொல்கொல்லையில் மகாவலி ஆற்றை மறித்து, மலைக்கு அடியால் சுமார் 8 கிலோமீற்றர் சுரங்கத்தில் கொண்டுவந்து, 1976 முதல் எங்கள் ஊர் மின்நிலையத்தில் மின்சாரம் எடுக்கிறார்கள். அங்கே பாய்ந்து வெளியேறும் தண்ணீரில் எது எந்த ஓடையில் இருந்து வந்தது என்று யாரால் பிரிக்க முடியும்? வேகமான பேச்சும் அப்படித்தான் வந்து விழுகிறது.

தமிழருக்கு இந்தச் சிக்கல் புதிதல்ல. ஏட்டுச் சுவடிகளில் சொல்லுக்குச் சொல் இடம் விடும் வழக்கம் இல்லை. பெரும்பாலும் மெய்யெழுத்துக்குப் புள்ளிகூட இல்லை. ஒரே எழுத்து ஓட்டத்தை எங்கே முறிப்பது என்று கண்டுபிடிப்பதே பாதிப் புலமை. யாழ்ப்பாணத்துச் சி. வை. தாமோதரம்பிள்ளையும் உ. வே. சாமிநாதையரும் பத்தொன்பதாம் நூற்றாண்டில் சுவடிகளோடு மல்லுக்கட்டியதில் பெரும் பங்கு இந்த வேலைதான். அந்நிய மொழிப் பேச்சு நம் காதுக்கு ஒரு சுவடி. சப்டைட்டில் அதைப் பதம் பிரித்துப் பக்கத்திலேயே வைக்கிற பதிப்பாசிரியர்.

ஆங்கிலச் சுவடியில் இன்னொரு சங்கடமும் உண்டு. அந்த மொழி அழுத்தம் விழாத உயிரொலிகளை நசுக்கிவிடும். "அண்ட்" என்று நாம் படித்த சொல் பேச்சில் வெறும் "ன்" ஆகிவிடும். "வோண்ட் டு" சுருங்கி "வானா" ஆகும். இது என்ன அட்டூழியம் என்று தோன்றினால் நம் இலக்கணத்தை நினைத்துக்கொள்ளலாம். "நாடு" என்ற சொல்லின் கடைசி உகரம் ஒரு மாத்திரையில் இருந்து அரை மாத்திரையாகக் குறுகுகிறது. அதற்குக் குற்றியலுகரம் என்று பெயரும் வைத்திருக்கிறோம். நம்முடையது வரம்புக்குள் நடக்கும் சுருக்கம். ஆங்கிலமோ, அழுத்தம் விழாவிட்டால் ஏறக்குறைய எந்த உயிரையும் இப்படிக் குறுக்கும். தாளில் முழுசாக நின்ற சொல் வாயில் பாதியாகிவிட, பள்ளிக்கூடத்தில் படித்த பிள்ளைக்கு அடையாளம் தெரிவதில்லை.

தெரிந்துவிட்டால் மட்டும் எப்படிக் கேட்டுவிடுகிறது? 1970இல் அமெரிக்க உளவியலாளர் ரிச்சர்ட் வாரன் ஓர் அழகான சோதனை செய்தார். ஒரு வாக்கியத்தைப் பதிவு செய்து, அதில் ஒரு சொல்லின் நடுவில் இருந்த "ஸ்" ஒலியை அடியோடு வெட்டி எடுத்துவிட்டு, அந்த இடத்தில் ஓர் இருமலை ஒட்டினார். 20 பேருக்குப் போட்டுக் காட்டினார். ஏதாவது ஒலி விடுபட்டிருக்கிறதா என்று கேட்டதற்கு 19 பேர் இல்லை என்றார்கள். ஒலிநாடாவில் இல்லாத "ஸ்" அவர்களுக்குக் கேட்டிருக்கிறது! ஒலி நிரப்பல் என்று இதைச் சொல்லலாம்: தெரிந்த சொல் என்றால், காது தவறவிட்டதை மூளை தானே போட்டு நிரப்பும். தெரியாத சொல்லில் நிரப்புவதற்குச் சரக்கு இல்லை. எழுத்தைக் கண்டதும் என் மருமகனுக்கு அந்தச் சரக்கு கிடைத்தது. நசுங்கிக்கிடந்த "கோயிங் டு" அவன் தலைக்குள் நிமிர்ந்து எழுந்தது.

இனிக் கண்ணுக்கு வருவோம். கையை முழுதாக நீட்டிப் பெருவிரலைப் பாருங்கள். அந்த நகத்தின் அகலம் அளவுக்குத்தான் நம் கண் எதையும் கூர்மையாகப் பார்க்கிறது. மிச்சமெல்லாம் மங்கல். அந்தச் சிறு கூர்மைப் பொட்டை வைத்துக்கொண்டு முழு உலகையும் பார்ப்பதற்காகக் கண் ஒரு செக்கனுக்கு ஏறக்குறைய மூன்று தடவை இடம்விட்டு இடம் பாய்கிறது. இதை விழித்துள்ளல் என்கிறேன். இரண்டு மணி நேரப் படத்துக்குக் கணக்குப் போட்டால் இருபதாயிரத்துக்கு மேற்பட்ட துள்ளல். நடிகையின் கண்ணீரில் இருந்து கீழே எழுத்துக்கு, எழுத்தில் இருந்து வில்லன் கையில் உள்ள கடிதத்துக்கு, மறுபடி எழுத்துக்கு. ஒன்றுகூட நமக்குத் தெரிவதில்லை.

இந்தத் துள்ளலை நாம் விரும்பினாலும் அடக்குவது கடினம். பெல்ஜியத்தின் லூவன் பல்கலைக்கழகத்தில் கேரி திடெவாலும் அவரது குழுவினரும் கண்ணின் அசைவைப் பதிவு செய்யும் கருவியை வைத்துப் படம் பார்ப்பவர்களை ஆராய்ந்தார்கள். சப்டைட்டிலே பார்த்துப் பழகாத அமெரிக்கர்களுக்கு, அவர்களுடைய சொந்த ஆங்கிலப் படத்தையே ஆங்கில எழுத்தோடு காட்டினார்கள். தேவையே இல்லை; ஆனாலும் அவர்களுடைய கண்கள் எழுத்து வந்தபோதெல்லாம் அதில் போய் இறங்கின. 1991இல் வெளிவந்த முடிவு இது. வாசிக்கத் தெரிந்த கண்ணுக்கு முன்னால் எழுத்தை வைத்தால் அது வாசிக்கும். பெயர்ப்பலகையை வாசிக்காமல் பஸ்ஸில் போக முடிகிறதா நம்மால்? அதே கதைதான். படத்தில் மூழ்கிக்கிடக்கும் பிள்ளைகூட, வாசிக்கிறோம் என்ற நினைப்பே இல்லாமல் ஆயிரம் வரிக்கு மேல் வாசித்துவிட்டு எழுந்து போகிறது. வேறு எந்தப் பயிற்சிக் கொப்பியில் இது நடக்கும்?

அந்த வரிகளைச் செய்பவர்களின் நுணுக்கம் தனி. ஒரு தரத்தில் இரண்டு வரிக்கு மேல் போகக் கூடாது. வரிக்கு 42 எழுத்து என்பது நெட்ஃபிளிக்ஸ் ஆங்கிலத்துக்கு வைத்திருக்கும் எல்லை. அதில் சொற்களுக்கு நடுவில் உள்ள வெற்றிடமும் அடக்கம். எவ்வளவு நீளமானாலும் 7 செக்கனுக்கு மேல் திரையில் நிற்காது. அதற்கு மேல் நின்றால் கண் அதையே மறுபடி வாசிக்கத் தொடங்கும். ஒரு வரி போய் அடுத்தது வருவதற்கு நடுவில் குறைந்தது இரண்டு சட்டகம் வெறுமையாக விடுகிறார்கள். செக்கனுக்கு 24 சட்டகம் ஓடும் படத்தில் இரண்டு சட்டகம் என்பது பன்னிரண்டில் ஒரு பங்கு செக்கன். கண்ணிமைக்கும் நேரத்தை மாத்திரை என்று அளந்த நம் இலக்கணக்காரருக்கு இது பிடித்திருக்கும். இந்த வெறுமை அதையும்விடக் குறைவு. ஆனால் அந்த மினுக்கு இல்லாவிட்டால் வரி மாறியதே கண்ணுக்குத் தெரியாது.

சரி, ஒரு படத்தில் எத்தனை சொல் இருக்கும்? ஸ்டூவர்ட் வெப், மைக்கேல் ரோஜர்ஸ் என்ற இருவர் 318 ஆங்கிலப் படங்களின் வசனத்தை எடுத்து எண்ணினார்கள். 2009இல் வெளிவந்த கணக்கு. மொத்தம் 28 இலட்சத்துக்கு மேல். ஒரு படத்துக்குச் சராசரியாக ஒன்பதாயிரம் சொல். ஆனால் அவ்வளவும் வேறு வேறு சொற்கள் அல்ல, பழகிய முகங்கள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன. டீச், டீச்சர், டீச்சிங் போல ஒரே வேரில் கிளைத்தவற்றை ஒரு சொற்குடும்பம் என்று எடுத்துக்கொண்டால், அடிக்கடி வரும் 3,000 சொற்குடும்பங்களும் ஆட்பெயர், ஊர்ப்பெயர்களும் தெரிந்தவருக்கு ஒரு படத்தின் 95 சதவீதம் தெரிந்த சொல்தான். மிச்சம் இருபதில் ஒன்று. ஐம்பதில் ஒன்றுதான் தெரியாது என்ற நிலைக்குப் போக 6,000 வேண்டும். முதல் மூவாயிரத்தில் கிடைத்தது 95; அடுத்த மூவாயிரம் சேர்த்தும் கூடியது மூன்றே மூன்று சதவீதம். ஆகவே, ஆரம்பத்தில் படிக்கிற ஒவ்வொரு சொல்லும் கொழுத்த கூலி தரும். பிள்ளைகளை அரிய சொற்களை மனப்பாடம் செய்ய வைக்கிற பெற்றோர் இந்த ஒரு கணக்கையாவது பார்க்க வேண்டும்.

தெரியாத அந்த இருபதில் ஒன்றை மூளை எப்படிப் பிடிக்கிறது? 1978இல் சூசன் கேரி, எல்சா பார்ட்லெட் என்ற இரண்டு ஆய்வாளர்கள் மூன்று, நான்கு வயதுப் பிள்ளைகளிடம் செய்த சோதனை இருக்கிறது. அறையில் இரண்டு தட்டு. ஒன்று நீலம், மற்றது ஒலிவ் காய் பச்சை. ஆசிரியை போகிற போக்கில், "அந்தக் குரோமியம் தட்டைக் கொண்டு வா, நீலத்தை அல்ல, குரோமியத்தை" என்றார். குரோமியம் என்ற நிறத்தை அந்தப் பிள்ளைகள் அதற்கு முன் கேட்டதே இல்லை. சரியான தட்டை எடுத்து வந்தார்கள். ஒரு கிழமை கழித்தும் பல பிள்ளைகளுக்கு அந்தச் சொல் ஏதோ ஒரு நிறத்தைக் குறிப்பது என்ற அளவுக்கு மனதில் தங்கியிருந்தது. யாரும் பாடம் நடத்தவில்லை; சூழல் பொருளைச் சொன்னது, காது பெயரைப் பிடித்தது. இதை விரைவுப் பதியம் என்று அழைக்கலாம். கிளை மண்ணைத் தொட்டதும் வேர் விடத் தொடங்குகிற மாதிரி. 'டைட்டானிக்' பார்த்த எவருக்கும் ஐஸ்பேர்க் என்றால் என்னவென்று சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. இருட்டில் அது எழுந்து வந்ததே போதும்.

பதியம் போட்டது உடனே மரமாகிவிடாது. ஒரு சொல் நிலைக்க அதைப் பல தடவை, வேறு வேறு இடத்தில் சந்திக்க வேண்டும். பத்துத் தடவை அளவுக்காவது என்று பல ஆய்வுகள் சொல்கின்றன. அதனால் தனிப் படத்தைவிடத் தொடர்கள் நல்லவை என்பது என் அபிப்பிராயம். ஆஸ்பத்திரித் தொடர் என்றால் மருந்து, காயம், சத்திரசிகிச்சை என்று அதே சொற்கள் கிழமைக்குக் கிழமை வந்து கதவைத் தட்டும்.

எழுத்தையும் ஒலியையும் ஒரே கணத்தில் தருவதால் இன்னொரு உதவியும் கிடைக்கிறது. தமிழில் எழுதியதை வாசிக்கலாம். ஆங்கிலத்தில் எழுதியது ஒன்று, வாசிப்பது இன்னொன்று. இலங்கையைத் தீவு என்று சொல்லக் கற்கிற பிள்ளை "ஐலண்ட்" என்கிறது. எழுதும்போது நடுவில் ஓர் எஸ் போட வேண்டும். அந்த எஸ் முற்காலத்தில் அங்கே இருக்கவில்லை. வேறு வேரில் பிறந்த இன்னொரு சொல்லோடு குழப்பிக்கொண்டு பிற்காலத்தவர்கள் செருகியது. "கர்னல்" இன்னும் மோசம்: வாயில் ஆர் ஒலி, எழுத்தில் அந்த இடத்தில் எல். விதி சொல்லி இவற்றைக் கற்பிக்க முடியாது. கேட்டுக்கொண்டே பார்த்தால்தான் படியும். ஒலி காதில் விழுகிற அதே நேரத்தில் எழுத்து கண்ணில் விழ வேண்டும்.

எங்கள் ஊர்களுக்கு இது ஏன் முக்கியம் என்று சொல்லத்தான் வேண்டும். அரசியலமைப்பு ஆங்கிலத்தை இணைப்பு மொழி என்கிறது. பல்கலைக்கழகங்களில் சிங்கள மாணவர்கள் அதற்கு வைத்த பட்டப்பெயர் கடுவ. வாள் என்று பொருள். தரம் மூன்றில் இருந்து சாதாரண தரம் வரை ஆங்கிலம் பாடமாக இருக்கிறது; கட்டுரை எழுதுகிற பிள்ளைகள் இருக்கிறார்கள். நேர்முகத் தேர்வில் எதிரே இருப்பவர் வேகமாகக் கேட்கும் முதல் கேள்வியில் அவர்களே தடுமாறிப்போகிறார்கள். ஆங்கிலம் அவர்களுக்குத் தாளில் கிடைத்தது, காதில் கிடைக்கவில்லை. கொழும்பில் வீட்டுக்குள்ளேயே ஆங்கிலம் கேட்டு வளர்கிற பிள்ளையோடு மாத்தளைப் பக்கத்துப் பிள்ளைக்கு உள்ள தூரம் அறிவில் இல்லை, கேட்ட மணி நேரங்களில் இருக்கிறது. அந்த மணி நேரங்களை ஒரு போனும் அடியில் ஓடும் எழுத்தும் கொஞ்சம் கொஞ்சமாக ஈடுகட்டும்.

எந்த மொழி எழுத்து என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. நெதர்லாந்தில் ஹோல்கர் மிட்டரர், ஜேம்ஸ் மெக்வீன் இருவரும் 2009இல் வெளியிட்ட ஆய்வில் டச்சு மாணவர்களுக்கு ஸ்கொட்லாந்து உச்சரிப்பில் 'ட்ரெயின்ஸ்பொட்டிங்' படத்தையோ ஓர் ஆஸ்திரேலியத் தொடரையோ காட்டினார்கள். சிலருக்கு ஆங்கில எழுத்தோடு, சிலருக்கு டச்சு எழுத்தோடு, சிலருக்கு எழுத்தே இல்லாமல். பிறகு அதே குரல்கள் பேசும் புதிய வாக்கியங்களைக் கேட்கவைத்தார்கள். ஆங்கில எழுத்தோடு பார்த்தவர்களின் காது அந்த விசித்திர உச்சரிப்புக்குப் பழகியிருந்தது. தாய்மொழி எழுத்தோடு பார்த்தவர்கள், எழுத்தே இல்லாமல் பார்த்தவர்களையும்விடப் பின்தங்கினார்கள். காதில் ஒரு சொல்லும் கண்ணில் அதற்குச் சம்பந்தமில்லாத ஒலியுள்ள இன்னொரு சொல்லும் வந்தால், கண் கதையைப் பிடித்துக்கொள்ளும், காது ஓய்ந்துவிடும். தமிழ் எழுத்து வீண் என்று நான் சொல்லவில்லை. ஆங்கிலம் அறவே தெரியாதவருக்குக் கதையும் பொருளும் அதில்தான் கிடைக்கும். காதைத் தீட்டுவது வேறு வேலை, அதற்கு ஆங்கிலத்துக்கு ஆங்கில எழுத்தே வேண்டும்.

இந்த உண்மையை ஓர் இந்தியர் ஒரு சினிமாவின் நடுவில் கண்டுபிடித்தார். அமெரிக்காவில் கோர்னெல் பல்கலைக்கழகத்தில் படித்த காலத்தில் பிரிஜ் கோத்தாரி ஸ்பானிய மொழி பழகிக்கொண்டிருந்தார். நண்பர்களோடு இயக்குநர் அல்மொதோவாரின் ஸ்பானியப் படம் ஒன்றைப் பார்த்தபோது, அடியில் ஓடும் எழுத்து ஆங்கிலத்தில் இல்லாமல் ஸ்பானியத்திலேயே இருந்தால் மொழி வந்துவிடுமே என்று தோன்றியது. அந்த நினைப்பு அங்கேயே நிற்கவில்லை. இந்தியாவில் இந்திப் பாட்டுக்கு இந்தி எழுத்தையே போட்டால், பாதி வாசிக்கத் தெரிந்தவர்கள் முழுதாக வாசிக்கப் பழகுவார்களே! அகமதாபாத் இந்திய முகாமைத்துவ நிறுவகத்தில் சேர்ந்த பிறகு அதை அவர் நடைமுறைக்குக் கொண்டுவந்தார். 1999இல் குஜராத்திப் பாடல் நிகழ்ச்சியிலும், 2002இல் தூர்தர்ஷனின் 'சித்ரஹார்' நிகழ்ச்சியிலும் பாடலின் ஒவ்வொரு சொல்லும் பாடப்படும்போதே நிறம் மாறி ஓடியது. பாட்டு ஏற்கெனவே மனப்பாடம். எழுத்து அதைத் தொட்டுக்காட்டினால் போதும். கோடிக்கணக்கான வீடுகளுக்கு இது போய்ச் சேர்ந்தது.

எங்கள் ஊரில் இதன் தலைகீழ் வடிவம் ஒன்று பல வருடமாக நடக்கிறது. சிங்கள அலைவரிசைகளில் தமிழ்ப் படம் போடும்போது அடியில் சிங்கள வரி ஓடும். டவுனில் நான் சாமான் வாங்கும் கடைக்காரர் சிங்களவர். தமிழ் வகுப்புக்குப் போனவர் அல்ல. மிச்சக் காசைத் தரும்போது, "சரிதானே, பார்த்துப் போங்க" என்பார், நல்ல தமிழ்நாட்டுச் சினிமா ஏற்ற இறக்கத்தோடு. எங்கே பழகினீர்கள் என்று கேட்டால் சிரித்துக்கொண்டே மேலே மாட்டியிருக்கும் ரீவியைக் காட்டுவார்.

மருமகனோடு இப்போது ஒரு பழக்கம் வந்திருக்கிறது. பத்து நிமிடக் காட்சி ஒன்று. முதலில் ஆங்கில எழுத்தோடு, பிறகு எழுத்து இல்லாமல், தடுக்கிய இடத்தில் மட்டும் மறுபடி எழுத்தோடு. அலுத்துப்போனால் தமிழ்ப் படம் போடுவான், அதிலும் அடியில் ஆங்கில எழுத்து ஓடும். போன கிழமை அப்படி ஒரு குடும்பப் படம் பார்க்கையில் மறுபடி நிறுத்தினான். படத்தில் அம்மா மகனை "வா" என்று கூப்பிட்டாள், அடியில் "கம்". வாசலில் சம்பந்தி வந்து நின்றார். அம்மா எழுந்து, சேலையைச் சரிசெய்துகொண்டு, "வாங்க" என்றாள். அடியில் அதே "கம்".

"மாமா, அந்த 'ங்க' எங்க போச்சு?"

பின்னால் ஓட்டி இரண்டு பேரும் மறுபடி பார்த்தோம். எழுத்தில் இல்லை. அம்மா சேலையைச் சரிசெய்த இடத்தில் இருந்தது.